காதுப் பெட்டி

என் தங்கையிடம் கோபித்துக்கொள்வது லேசான காரியமல்ல. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மற்றவர்களிடம் நாலு வார்த்தை கத்திவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு போய்விடலாம். இவளிடம் கோபத்தை முழுக்க முழுக்க முகத்திலும் கையிலும் காட்ட வேண்டும். அதுவரைக்கும் அவள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டும். நான் ஆரம்பித்தவுடன் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். சின்ன வயதிலிருந்தே அதுதான் அவளுடைய தந்திரம். சொந்தபந்தம் முழுக்க முன்கோபக்காரி என்று பெயர் வாங்கிய நான், அவளிடம் மட்டும் ஒரு சண்டையிலும் ஜெயித்ததில்லை.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சேலம் அம்மாபேட்டையில் என் வீட்டில் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது வீடியோ காலில் வந்தாள். போனைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுக் கையால் பேசுவதுதான் எங்கள் வழக்கம். அவள் காதைத் தொட்டாள், இரண்டு கையாலும் ஒரு சதுரம் காட்டினாள், பிறகு விரித்த விரல்களைக் குவித்து மூடினாள். காதுப் பெட்டி எரியவில்லை. வா. மத்தியானத்துக்கு முன்னால் வா.

முந்தின நாள் சாயங்காலம்தான் அவளுடைய மாமனார் எனக்குப் போன் செய்திருந்தார். மகனிடமும் மருமகளிடமும் போனில் பேச முடியாது என்பதால் அவர் எதுவாக இருந்தாலும் என்னிடம்தான் சொல்லியனுப்புவார்.

"நாளைக்கு மத்தியானம் சங்ககிரிக்கு வாரேன்னு சொல்லிருங்க அம்மிணி. புள்ளையப் பாத்து மாசம் ஒண்ணாச்சு. அப்படியே அந்தப் பெட்டி எப்படி எரியுதுன்னும் பாத்துட்டு வந்தர்றேனுங்க."

அன்று ராத்திரியே அதைத் தங்கைக்குச் சொல்லிவிட்டேன். அந்தப் பெட்டி நான் செய்தது. சேலத்தில் ஒரு கல்லூரியின் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை பார்க்கிறேன். மாணவர்கள் புகையவிட்டதையெல்லாம் மறுபடி ஓடவைப்பதுதான் என் பிழைப்பு. தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து, எங்கள் அம்மா வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுச் சங்ககிரிக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில்தான் சிக்கல் வந்தது. அவளைப் போலவே அவள் வீட்டுக்காரருக்கும் காது கேட்காது. லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர் அவர். சுத்தியல் சத்தத்தில் மற்றவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் அவர் பாட்டுக்கு லாரியின் முதுகில் 'ஒலி எழுப்பவும்' என்று மணிமணியாக எழுதிக்கொண்டிருப்பார். பகலில் குழந்தை அழுவதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று மாமனார் கேட்டார்.

அவர் கெட்ட மனிதரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும், ஒரே பிடியாகப் பிடித்திருப்பேன். புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணையும் கொஞ்சம் நிலமும் வைத்திருக்கிறார். அவருடைய மகன் ஐந்து வயதில் பம்பரத்தைத் துரத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடினானாம். பின்னால் ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே வந்திருக்கிறது. பையனுக்குக் கேட்கவில்லை. இவர் பாய்ந்து இழுத்ததில் முழங்கை பெயர்ந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"கேக்காதவங்க ரெண்டு பேரு ஒரு ஊட்டுல. புள்ள அழுது அழுது தொண்டை வத்திப் போனாக்கூடத் தெரியாதுங்களே. பேச்சு வர்ற வரைக்கும் எங்கூட்டுல இருக்கட்டும். பெரிய மருமவ பாத்துக்குவா" என்றார்.

அதைத் தங்கைக்குக் கையால் சொல்ல வேண்டியவள் நான்தான். சொன்னேன். அவள் அழவில்லை. மடியில் இருந்த குழந்தையின் துணியைத் திரும்பத் திரும்ப நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் பெட்டி செய்ய உட்கார்ந்தேன்.

யார் கல்யாணத்திலோ பலகாரம் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் டப்பா. உள்ளே உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அதுதான் பெட்டியின் மூளை. கூடவே ஒரு சின்ன மைக். மேலே சிவப்பு விளக்கு. அதிலிருந்து ஒரு வயர் போய்த் தலையணைக்கடியில் வைக்கும் அதிர்வு மோட்டாரில் முடியும். சங்ககிரியில் ஹாரன் சத்தத்துக்குப் பஞ்சமில்லை, ஒவ்வொரு லாரிக்கும் எரிந்தால் யாரும் தூங்க முடியாது. அதனால் விட்டு விட்டு வரும் அழுகைக்கு மட்டும் எரிகிறாற்போல் ப்ரோக்ராம் எழுதினேன். முதல்முறை எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டியபோது குழந்தை அழ மறுத்துவிட்டது. வெள்ளை வேட்டியில் விறைப்பாக உட்கார்ந்திருந்த மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ங்ஙா... ங்ஙா..." என்று தானே அழுது காட்டினார். விளக்கு பளிச்சிட்டது. மகனுடைய தலையணை நடுங்கியது.

"சரீங்க. இது எரியற வரைக்கும் புள்ள இங்கியே இருக்கட்டும். இது நின்னு போச்சுன்னா நான் வந்து தூக்கிட்டுப் போயிருவேன். அப்பறம் யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாதுங்க" என்றார்.

அந்தப் பேச்சின்மேல்தான் குழந்தை தாயோடு இருந்தது.

எரியவில்லை என்றால் முதலில் சார்ஜரைப் பார் என்று மாணவர்களுக்கு வருஷம் முழுக்கப் பாடம் எடுக்கிறவள் நான். அதே நினைப்பில் ஒரு புது சார்ஜரையும், எப்போதும் கைப்பையில் கிடக்கும், கரண்ட் ஓட்டம் பார்க்கிற மல்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மாற்று போர்டு லேபில் இருந்தது. லேப் பூட்டியிருந்தது. சார்ஜர்தானே என்ற தெனாவெட்டில் அதைப் பற்றி யோசிக்கவேயில்லை.

சங்ககிரி வீட்டில் நுழைந்ததும் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சார்ஜர் சொருகும் யூ.எஸ்.பி. வாய் போர்டிலிருந்து பெயர்ந்து, ஒரு காலில் தொங்கிக்கொண்டிருந்தது. அது பரவாயில்லை. அந்த வாய் முழுக்கச் சந்தனம். அதன்மேல் குங்குமம். பெட்டியின் மூடியிலும் சுற்றிலும் வரிசையாகச் சந்தனப் பொட்டு.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆயுத பூஜை. சங்ககிரியில் அன்றைக்கு லாரிகளைக் கழுவி வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, ஸ்பேனரிலிருந்து பெயின்ட் பிரஷ் வரைக்கும் பொட்டு வைப்பார்கள். வீட்டிலும் அரிவாள்மணை, மிக்ஸி, தையல் மெஷின் எதுவும் தப்பாது. இவள் காதுப் பெட்டிக்கும் வைத்திருக்கிறாள். குழைத்த சந்தனத்தை விரலில் எடுத்து அப்படியே வாயில் அப்பியிருக்கிறாள். அது காய்ந்து கல்லாகியிருக்கிறது. அதற்குள் சார்ஜரைச் சொருகப் பார்த்து, போகவில்லை என்று இன்னும் அழுத்தியிருக்கிறார்கள்.

வந்ததே கோபம்! கரண்ட் போகிற ஓட்டையில் யாராவது சந்தனத்தை அப்புவார்களா, உனக்கு மூளை இருக்கிறதா, இதற்காகவா நான் ராவும் பகலும் உட்கார்ந்து செய்தேன் என்று இரண்டு கையையும் வீசினேன். குழந்தையை வைத்திருந்த மாப்பிள்ளை ஒரு அடி பின்னால் போனார். தங்கை வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சரி, கத்தி ஆகப்போவதென்ன என்று பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோது என் முகம்தான் சுருங்கியது. அந்த வாயை நான் பெட்டியோடு சேர்த்துப் பிடிப்பாக ஒட்டியிருக்க வேண்டும். சின்ன வாய், மெல்லிய செம்பில் பற்றவைத்தது, தினமும் சொருகிப் பிடுங்கினால் பெயர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சொட்டுப் பசை வைத்தால் போதும். அவசரத்தில் வைக்கவில்லை. சந்தனம் இல்லாவிட்டால் இன்னும் இரண்டு மாதம் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். இதை அன்றைக்கு நான் தங்கையிடம் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மணி பத்தரை. மாமனார் பஸ் ஏறியிருப்பார். சேலம் போய் லேப் சாவியைத் தேடி மாற்று போர்டு எடுத்துவர நேரமில்லை. இங்கேயே ஒட்டியாக வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் வேண்டும் என்று சைகை காட்டியதும் மாப்பிள்ளை குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார். பட்டறையில் லாரிக்கு வயரிங் செய்கிறவர் வீட்டிலிருந்து ஒன்றை வாங்கிவந்தார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதன் முனை என் கட்டைவிரல் பருமன். லாரி பேட்டரி வயரைப் பற்றவைக்கிற சாமான். நான் ஒட்ட வேண்டிய இடமோ அரிசிமணியில் பாதி. அதைக்கொண்டு இதைத் தொட்டால் பக்கத்தில் இருப்பதெல்லாம் சேர்ந்து உருகிவிடும்.

ஒரு பழைய வித்தை உண்டு. தடித்த செம்புக் கம்பி ஒன்றை வாங்கி, அந்த முனையில் நாலு சுற்று இறுக்கிச் சுற்றி, நுனியைக் கொஞ்சம் நீட்டி விட்டேன். அந்த நுனியை வாசல் கல்லில் தேய்த்துக் கூராக்கினேன். இப்போது சூடு கம்பி வழியாக நுனிக்கு வரும். நுனி ஊசிபோல இருக்கும். அங்குலக் கணக்கில் வேலை செய்கிற கருவி அதற்குள் கொஞ்சம் பணிவு கற்றுக்கொண்டது.

முதலில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே தொட்டால் சத்தம் வரக் கூடாது. பீப் என்று கத்தியது. பெயர்ந்த வாயின் ஒரு கால் வளைந்து அதன் தகரக் கூட்டின்மேல் சாய்ந்திருந்தது. அப்படியே கரண்ட் கொடுத்திருந்தால் போர்டு பரலோகம் போயிருக்கும். தங்கை என் முகத்தைப் பார்த்தே கேட்டாள்: என்ன சொல்கிறது அது? வலிக்கிறது என்கிறது என்று நான் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

வாயைச் சூடாக்கி முழுவதுமாகக் கழற்றினேன். கூடவே இரண்டு இடத்தில் செம்பும் உரிந்து வந்துவிட்டது. புது வாய் வைத்தாலும் நிற்காது, அதற்கு இடமே இல்லை. போர்டின் ஓரத்தில் கரண்ட்டை நேராக வாங்கும் வேறு இரண்டு பின்கள் உண்டு. சார்ஜர் வயரின் தலையை வெட்டிவிட்டு, சிவப்பு வயரை ஒன்றிலும் கறுப்பு வயரை இன்னொன்றிலும் நேரடியாகப் பற்றவைத்துவிட்டால் தீர்ந்தது. நிறத்தை நம்பக் கூடாது, அதையும் மீட்டரில் பார்த்துக்கொண்டேன். இனிமேல் இதில் ப்ரோக்ராம் மாற்ற முடியாது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஈயம் இளகும் நேரத்தில்தான் அந்த யோசனை வந்தது. கழற்றிய வாய் மேஜைமேல் கிடந்தது. அதிலிருந்த சந்தனத்தைக் குண்டூசியால் குத்திப் பார்த்தேன், உள்ளே ஊசி இறங்கவில்லை. ஆயுத பூஜை முடிந்து பத்து நாளாகிவிட்டது. சந்தனம் காய்ந்தது அன்றைக்கு. சார்ஜரை அழுத்தியதும் அன்றைக்கு ராத்திரியாகத்தானே இருக்க வேண்டும்?

அயர்னை வைத்துவிட்டுத் திரும்பினேன். எத்தனை நாளாக எரியவில்லை என்று கேட்டேன்.

தங்கை மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் விரித்தாள். பத்து.

ராத்திரியெல்லாம்?

அவள் எழுந்துபோய்த் தூளிக்குப் பின்னால் கொடியில் தொங்கிய ஒரு துணி நாடாவை எடுத்துவந்தாள். பழைய சேலையின் கரையைக் கிழித்துத் திரித்தது. ஒரு நுனியைத் தூளியின் அடியில் கட்டிக்காட்டினாள். மறு நுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றினாள். குழந்தை அழுவதற்கு முன்னால் காலை உதைப்பாளாம். உதைத்தால் தூளி ஆடும், தூளி ஆடினால் கை இழுபடும். தூக்கத்தில் நாடா கழன்றுவிடுமோ என்ற பயத்தில் இறுக்கிக் கட்டியிருக்கிறாள். வளையல்களை ஏற்றிவிட்டுக் காட்டியபோது மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்து, ஓரிடத்தில் தோல் வழன்றிருந்தது. முதல் பாதி ராத்திரிக்கு அவர் கட்டிக்கொள்வாராம், மறு பாதிக்கு இவள்.

ஏன் என்னிடம் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். என் கை மெதுவாகத்தான் அசைந்தது.

அவள் யோசிக்கக்கூட இல்லை. நீ திட்டுவாய், என்றாள்.

அடி வாங்கினதுபோல இருந்தது. மாமனாருக்குப் பயந்தாள் என்றால் நியாயம் இருக்கிறது. அவருக்குச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டிருக்கலாமே. மறுநாளே வந்து ஒட்டிக் கொடுத்திருப்பேனே. பத்து ராத்திரி என் தங்கை கையைக் கட்டிக்கொண்டு படுத்ததற்குக் காரணம் சந்தனமும் இல்லை, யூ.எஸ்.பி. வாயும் இல்லை, என் வாய்தான். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. நான் அப்படியெல்லாம் செய்கிறவளில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அயர்னைக் கையில் எடுத்தேன்.

இரண்டு வயரும் நன்றாகப் பிடித்தன. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. இந்த முறை மறக்காமல் வயரைப் பெட்டியோடு சேர்த்துப் பசை ஊற்றி அசையாமல் செய்தேன். பிளக்கைப் போட்டதும் போர்டின் ஓரத்தில் நீல விளக்கு கண் திறந்தது. மாப்பிள்ளை கையை உயரத் தூக்கி ஆட்டினார். காது கேட்காதவர்கள் கைதட்டுவது அப்படித்தான்.

அழுது பார்க்க வேண்டும். குழந்தையை அழவைக்க யாருக்கும் மனசு வரவில்லை. நானே பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, "ங்ஙா... ங்ஙா..." என்றேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. இன்னும் உரக்க அழுதேன். தூளியிலிருந்து குழந்தை எட்டிப் பார்த்துக் கெக்கலித்துச் சிரித்ததே தவிர, பெட்டி அசையவில்லை. பக்கத்து வீட்டம்மா வாசலில் வந்து நின்று, "ஏனுங்க, என்ன ஆச்சுங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சிப் எரிந்துவிட்டதா, ப்ரோக்ராம் அழிந்துவிட்டதா? மைக்கின் வயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. மூடியைக் கையில் எடுத்து முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொட்டுகள் வரிசையாக இருந்தன. ஒன்று மட்டும் மற்றதைவிடப் பெரிது. நடுவில் வட்டமாக, நெற்றியில் வைப்பதுபோல அழகாக வைத்துக் குங்குமமும் இட்டிருந்தது. மைக்குக்காக நான் துளை போட்ட இடம் அதுதான்.

அந்தப் பொட்டைத் தொட்டு, இங்கே ஏன் பெரிதாக வைத்தாய் என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

அதன் காது அங்கேதானே இருக்கிறது, என்றாள் அவள். அதற்குத்தானே முதலில் வைக்க வேண்டும்.

ஈரத்துணியால் அந்தப் பொட்டை மட்டும் துடைத்து, ஊசியால் துளையைச் சுத்தம் செய்தேன். அவள் கொஞ்ச நேரம் மூடியைப் பார்த்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து துளைக்கு மேலே, தள்ளி, ஒரு சின்னப் பொட்டு வைத்தாள். நான் தடுக்கவில்லை. திரும்ப அழுதேன். விளக்கு எரிந்தது. தலையணை துள்ளியது.

மாமனார் வந்தபோது மேஜையில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டிருந்தோம். தோளில் துண்டு, ஒரு கையில் முட்டை அட்டை, இன்னொரு கையில் துணிப்பை. முகம் கழுவிவந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டார். "என்ன சாமி, தாத்தாவ மறந்துட்டியா?" என்று அதன் வயிற்றில் மூக்கை வைத்து உரசினார். பிறகு பெட்டிப் பக்கம் திரும்பி, என்னைப் பார்க்காமல் கூச்சத்தோடு இரண்டு தரம் அழுதார். விளக்கு எரிந்ததும் பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"உங்களுக்கு ரொம்பப் புண்ணியமுங்க அம்மிணி. இந்தப் பெட்டி ஒண்ணு இருக்கறதுனால நானு கண்ணை மூடித் தூங்கறேன். இல்லாட்டி இவங்க ரெண்டு பேரையும் நம்பிப் புள்ளைய உட முடியுங்களா, நீங்களே சொல்லுங்க?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஆமாங்க என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை தாயோடு இருக்கும், எல்லாம் சுபம். தங்கை சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் தெறிக்காமலிருக்க அவள் கையை இழுத்தபோது வளையல் மேலே போய் அந்தச் சிவப்புத் தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்துவிட்டது.

"பெட்டியப் பெருமையாச் சொல்லாதீங்க மாமா. பத்து நாளா அது செத்துத்தான் கெடந்துச்சு. இப்ப, நீங்க வர்றதுக்கு முன்னாலதான் நான் ஒட்டினேன். பத்து ராத்திரியும் உங்க பேத்திய யாரு பாத்துக்கிட்டதுன்னு நெனைக்கறீங்க? பெட்டியா?"

சொல்லி முடித்த கணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். காலையிலிருந்து எதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினேனோ அதை ஒரே வாக்கியத்தில் நானே உடைத்துப் போட்டுவிட்டேன்.

"பத்து நாளாங்களா?" என்றார். மடியில் இருந்த குழந்தையை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தார். தங்கை அப்பளத் தட்டோடு வந்து நின்றாள். அவளுக்கு ஒரு சத்தமும் வேண்டியதில்லை. மாமனாரின் கை குழந்தையைப் பிடித்திருந்த விதத்திலேயே விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். சொல்லிவிட்டேன் என்று நான் காட்டினேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். குழந்தையைக் கேட்டுக் கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படீங்க பாத்துக்கிட்டாங்க?" என்று கடைசியில் கேட்டார்.

நான் கொடியிலிருந்த நாடாவை எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கன்றுக்குட்டி கட்டிப் பழகிய கை. எழுந்துபோய்க் குழந்தையைத் தூளியில் போட்டார். நாடாவின் ஒரு நுனியைத் தூளியின் அடியில் கட்டினார். மறு நுனியைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். தோள்துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துத் தலையில் இறுக்கிச் சுற்றினார். பிறகு அத்தனை வயதான மனிதர் வேட்டியை ஒதுக்கிவிட்டுத் தூளிக்குப் பக்கத்தில் வெறும் தரையில் படுத்துக் கண்ணை மூடினார்.

குழந்தை கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தது. கட்டைவிரலைச் சப்பிப் பார்த்தது. பிறகு என்ன நினைத்ததோ, இரண்டு காலையும் சேர்த்து ஒரு உதை உதைத்தது. அவர் கை தரையிலிருந்து எழும்பி விழுந்தது. இன்னொரு உதை. மறுபடியும் கை எழும்பியது. குழந்தை இன்னும் அழக்கூடத் தொடங்கவில்லை. அவர் கண் திறக்கவில்லை. மூடிய கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக இறங்கித் துண்டில் ஊறியது.

எழுந்து உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். ஒற்றைக் கையால் முடியவில்லை. தங்கை குனிந்து அவிழ்த்துவிட்டாள். அப்போதுதான் அவளுடைய மணிக்கட்டு அவர் கண்ணில் பட்டது. அந்தக் கையைப் பிடித்துத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இத்தனை இறுக்கமாக் கட்டக் கூடாதுன்னு சொல்லுங்க அம்மிணி. கை புண்ணாயிருக்குது பாருங்க."

அவளுக்குச் சொல்ல நான் கையைத் தூக்கினேன். அவர் அதற்குள் என்னை விட்டுவிட்டு நேராக அவள் பக்கம் திரும்பிவிட்டார். முப்பது வருஷமாகப் பெற்ற மகனிடமே வாயைப் பெரிதாகத் திறந்து கத்திப் பேசித்தான் பழக்கம் அவருக்கு. ஒரு சைகையும் கற்றுக்கொண்டதில்லை. இப்போது நாடாவை எடுத்து அவளுடைய மணிக்கட்டில், புண்ணுக்கு மேலே, தளர்வாக ஒரு சுற்றுச் சுற்றினார். உள்ளே தன் ஒரு விரலை நுழைத்து, அந்த அளவுக்கு இடம் இருக்க வேண்டும் என்று அசைத்துக் காட்டினார். புரிகிறதா என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டார். என் தங்கை தலையாட்டினாள். அவர் தூளிக்குள் கையை விட்டுக் குழந்தையைத் தூக்கி, நாடா கட்டிய அந்தக் கையிலேயே கொடுத்தார்.